இரண்டாவது போர்ட்

கல்யாணமாகி நான்கு வருடமாகியும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை அவளுக்குப் புருஷன் கிடையாது. அந்த இரண்டு மணி நேரமும் அவன் தன் தங்கைக்குச் சொந்தம்.

தங்கை பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளியிருந்த ஊரில், பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அண்ணனும் தங்கையும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடிவரும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருந்தது. ஒரு தீவில் இருவரும் சேர்ந்து கோட்டை கட்டுவார்கள், எதிரிக் கப்பல் வந்தால் சுட்டுத் தள்ளுவார்கள். படமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதை உருவாக்கிய கம்பெனியே இழுத்து மூடிப் பல காலமாகிறது. இவர்கள் மட்டும் விடுவதாயில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் திடீரென்று, "ஆடு வந்துடுச்சு!" என்று கத்துவான். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பது ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்கும். ஒருமுறை மனைவி கேட்டே விட்டாள்.

"ஆடுன்னா என்ன?"

"அது பழைய கதை. இப்போ சொன்னா சிரிப்பு வராது."

கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்குக்கு ஃபிரேம் பொருத்திவிட்டு வருகிறவன். வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு வார்த்தை, ஒரு கொட்டாவி, அவ்வளவுதான். இவளிடம் பேசி அவன் ஒருநாளாவது அப்படிக் குலுங்கிச் சிரித்திருப்பானா? யோசிக்க யோசிக்க அவளுக்குக் காந்தியது.

இந்த நிலையில்தான் வீட்டு இன்டர்நெட் இணைப்பை மாற்றினார்கள். புது ரௌட்டர் வந்தது. அந்த வாரமே விளையாட்டு படுத்துவிட்டது.

"வாலுவால உள்ள வர முடியலையாம். ரௌட்டர்ல ஏதோ போர்ட்டாம், தகவல் போய் வர்ற வாசல் மாதிரி, அதைத் திறக்கணும்னு சொல்றா. எந்த போர்ட்டுன்னுதான் தெரியலை." ஒரு பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க்கையே கட்டி மேய்க்கிறவளிடம் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "உனக்கு இதெல்லாம் ஜுஜுபிதானே?"

சனிக்கிழமை காலை உட்கார்ந்தாள். விளையாட்டோடு வந்த கையேடு எப்போதோ தொலைந்திருந்தது. இணையத்தில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். அதையெல்லாம் தள்ளிவிட்டுத் தன் லேப்டாப்பிலும் விளையாட்டை ஏற்றி, வீட்டுக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டரையும் பேசவிட்டு, போய் வருகிற தகவலையெல்லாம் பதிவு செய்தாள். டிவி பேசியது, பிரிண்டர் பேசியது, போன்கள் பேசின. ஒவ்வொன்றாகக் கழித்தாள். மிஞ்சியவை இரண்டே போர்ட்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஒன்று, ஆட்டம் நடக்க இன்னொன்று. கையேடில்லாமல் கண்டுபிடித்துவிட்டோமே என்று ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது.

அப்போது பக்கத்து அறையில் அவன் போனில் பேசுவது கேட்டது. "அண்ணி பார்த்துட்டிருக்கா. நாளைக்கு உன்னை ஒரு கை பார்க்கறேன் இரு, வாலு!" குரலில் அப்படி ஒரு குழைவு.

அவள் ரௌட்டரில் முதல் போர்ட்டை மட்டும் திறந்தாள். இரண்டாவதைத் தொடவில்லை.

மறுநாள் திரையில் தங்கையின் பெயர் வந்தது. அவன் கைதட்டினான். ஆரம்பி என்பதை அழுத்தியதும் எல்லாம் உறைந்துபோய், அறுந்தது. ஒரு மணி நேரம் முட்டி மோதிப் பார்த்தார்கள்.

"ரொம்பப் பழைய விளையாட்டுங்க. புது ரௌட்டருக்கு ஒத்துவரலை போல," என்றாள் அவள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

அடுத்த ஞாயிறு அவனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். கூடவே நடந்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு, "வாலுவைப் பார்த்துட்டு வந்துடறேன்," என்று கிளம்பிவிட்டான். திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. முகமெல்லாம் பல். இரண்டு மணி நேரத்தைப் பிடுங்கப் போய் முழு நாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று அவள் பல்லைக் கடித்தாள்.

புதன்கிழமை மதியம் அவள் வேலையில் இருக்கும்போது நாத்தனாரே போன் செய்தாள்.

"அண்ணி, ஒரு விஷயம். கோபப்படாம கேளுங்க. அன்னிக்கு அண்ணன் விளையாட்டைத் திறந்து வச்சிருந்தப்போ என் கம்ப்யூட்டர் எந்த ரெண்டு போர்ட்டைத் தட்டுதுன்னு பார்த்து, இங்கேருந்து சோதிச்சேன். முதல் போர்ட் திறந்திருக்கு. ரெண்டாவது மூடியிருக்கு."

"அப்படியா? நான் கவனிக்கலை..."

"ஒண்ணைக் கண்டுபிடிச்சவங்களுக்கு இன்னொண்ணு தெரியாம இருக்குமா அண்ணி?"

இவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணன்கிட்ட மூச்சு விடலை. விடவும் மாட்டேன்." அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் தணிந்தது. "உங்க கல்யாணத்துல ஜுரம்னு சொல்லிட்டு ரூமுக்குள்ளயே கிடந்தேனே, ஞாபகம் இருக்கா? ஜுரமெல்லாம் ஒண்ணும் இல்லை. எங்கேருந்தோ வந்து எங்க அண்ணனைத் தூக்கிட்டுப் போறாங்களேன்னு வயித்தெரிச்சல். வாரம் பூரா உங்களுக்குத்தானே அண்ணி. அந்த ரெண்டு மணி நேரத்தை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

அன்று சாயங்காலம் அவள் இரண்டாவது போர்ட்டைத் திறந்தாள். "இன்னொண்ணு இருந்திருக்கு, போன தடவை கண்ணுல படலை," என்று அவனிடம் சொன்னாள். "நீ ஆளு கெட்டிக்காரி!" என்றவன், அடுத்த நொடியே தங்கைக்குப் போன் போட ஓடினான்.

பொறாமை அத்தோடு தீர்ந்துவிடவில்லை. இதுவரை திட்டியாவது ஆற்றிக்கொள்ளலாம். இப்போது அதற்கும் வழியில்லாமல், அந்தப் பெண் பெரிய மனசையும் காட்டிவிட்டாள். அதுதான் இன்னும் உறுத்தியது.

ஞாயிறன்று ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் அவன் உள்ளிருந்து குரல் கொடுத்தான். "வாலு உன்னையும் கூப்பிடறா. மூணாவது ஆளா வரியா?"

'வேலை இருக்கு' என்று சொல்ல வாயெடுத்தவள், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணி, வடக்குப் பக்கம் மரம் வெட்டுங்க," என்று உத்தரவு வந்தது.

"எப்படி வெட்டறது?" என்று அவனைக் கேட்டாள். அவன் இவள் தோள்மேல் சாய்ந்து, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. இருந்தாலும் மரம் முடிந்ததும் கல், கல் முடிந்ததும் மறுபடி மரம் என்று தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் தன் திரையை விட்டுவிட்டு இவள் பக்கம் சாய வேண்டியிருந்தது.

"அண்ணா, எங்க போயிட்டே? இங்க கோட்டை போகுது!" என்று கத்தினாள் தங்கை.