அஞ்சாவது வேட்டு

காரிமங்கலத்தில் கப்பல்கார பிலவேந்திரனின் விஸ்கிக் கடையில் இசைத்தட்டு சுற்றிய ரெண்டரை வருசமும், காது செத்த சவுரியப்பனுக்கு, மூணு மைல் தள்ளிப் பாறைக்கொட்டாயில் அவன் பெண்டாட்டி ராஜமேரி அடுப்படியில் பேசுவது கேட்டது. தட்டில் இருந்த பாட்டு அவனுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வருசங்களில் மழை குறைவு, கேழ்வரகு விலை ஏறியது, கரண்ட் விட்டுவிட்டு வந்தது. இதுவும் நடந்தது.

பிலவேந்திரன் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். ஜப்பானில் கோபே துறைமுகத்தில் கப்பல் பழுதாகி ஒன்பது மாதம் நின்றபோது, எட்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சந்துக் கடையில் கிளாஸ் கழுவினான். அங்கே விஸ்கியை ஊற்றிக் கொடுத்துவிட்டு இசைத்தட்டு போடுவார்கள். தட்டு சுற்றி முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்ததும் அவன் ஊருக்கு வந்து, மெயின் ரோட்டில் ஒரு பழைய வெல்ல மண்டியை வாடகைக்குப் பிடித்து, ஆள் உயரத்துக்குப் பலாப் பலகையில் இரண்டு ஒலிப்பெட்டி செய்ய வைத்து, எழுபத்திரண்டு தை மாதம் அதே மாதிரிக் கடையைத் திறந்தான். ஐஸ் தருமபுரியிலிருந்து உமி மூட்டைக்குள் பஸ்ஸில் வந்தது. உள்ளே வருகிறவனுக்கு வெந்நீரில் பிழிந்த துண்டு ஒன்று கொடுப்பான். கை துடைக்கத்தான் அது. நம் ஆட்கள் முகம், அக்குள், கால் எல்லாம் துடைத்துவிட்டுத் தலையில் கட்டிக்கொண்டார்கள்.

முதல் சனிக்கிழமை பொழுது சாய, கிணறு வெட்டும் ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் சவுரியப்பனும் ஒருத்தன். பேசக் கூடாது என்றதும் மேஸ்திரி நஞ்சப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, பேசக்கூடாதுன்னா அப்பறம் என்ன எழவுக்குங்க குடிக்கறது?"

"கேக்கறதுக்கு," என்றான் பிலவேந்திரன், முள்ளைத் தட்டில் வைத்தபடி.

பாட்டு வருவதற்கு முன்னால் பெட்டியிலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் வந்தது. வெடித்திரி எரிகிற அதே சத்தம். நஞ்சப்பன் "திரி, திரி" என்று கத்தினான். கிளாஸ் போட்டது போட்டபடி ஆறு பேரும் வெளியே பாய்ந்து, ரோட்டு மதகுச் சுவருக்குப் பின்னால் துண்டோடு குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி, என்னவென்று தெரியாமலே பக்கத்தில் படுத்தான்.

சவுரியப்பன் மட்டும் பெஞ்சிலேயே இருந்தான். இரைச்சல் அவனுக்குக் கேட்கவில்லை. எல்லாரும் ஏன் ஓடினார்கள் என்று யோசிக்கும்போதே, காதுக்குள், "இந்தக் கருமம் புடிச்ச வெறகு ஈரமாவே கெடக்குது" என்றது ராஜமேரியின் குரல். அவள் பின்னால் நிற்கிறாள் என்று எழுந்தே விட்டான். பின்னால் உமி மூட்டைதான் இருந்தது. தட்டு நின்றதும் குரலும் நின்றது. ஒன்பது வருசம் கழித்துக் கேட்ட குரல். முன்னைவிடக் கொஞ்சம் கட்டையாகி இருந்தது.

அவன் காது போனது அறுபத்து மூன்றில். பாறையில் குழி அடித்து, வெடிமருந்தைக் கிட்டித்து, திரி கொளுத்திவிட்டு மேலே ஏறி வருகிறவன் வேட்டுச் சத்தத்தை எண்ண வேண்டும். ஐந்து திரி கொளுத்தினால் ஐந்து வேட்டும் கேட்ட பிறகுதான் இறங்க வேண்டும். சவுரியப்பன் ஐந்து எண்ணினான். இறங்கினான். பாதிக் கிணற்றில் தொங்கும்போது ஐந்தாவது வெடித்தது. கை கால் தப்பியது, காது தப்பவில்லை. பாறை எதிரொலித்ததை எண்ணிவிட்டான் என்று முடிவு செய்து எல்லாரும் அடுத்த கிணற்றுக்குப் போனார்கள். அதுவரை வாய் ஓயாமல் பேசிய ராஜமேரி அன்றிலிருந்து கையால் பேசினாள். சோறு என்றால் வாயில் விரல், தண்ணீர் என்றால் கட்டைவிரல். அவ்வளவில் ஒரு குடும்பம் ஓடியது.

சனிக்கு மட்டும் வந்தவன் பிறகு தினமும் பொழுதோடு வந்தான். இருப்பதில் சின்ன அளவு வாங்கி முன்னால் வைத்துக்கொள்வான், குடிக்க மாட்டான். ஐஸ் கரைந்து வழியும். அங்கே ராஜமேரி கோழியைத் திட்டுவாள், மாதா படத்திடம் மழை கேட்பாள். "தெனமும் குடிக்கப் போறான், வாயில வாசமே அடிக்கிலயே, என்ன எழவத்தான் குடிக்கறான்" என்று அவள் அலுத்துக்கொண்ட அன்று, வாய் மூடியிருந்த கடையில் சவுரியப்பன் மட்டும் சிரித்தான். பிலவேந்திரன் முறைத்தான். பேசியதற்காக ஒரு அதிகாரியையே வெளியே அனுப்பியவன் அவன்.

எட்டாவது மாதம் ஒருநாள் அவள் அடுப்பிடம் சொன்னாள்: "நாலு வேட்டுக்குப் பொறவு கெணத்து மேட்டுல நாந்தான வெறகுக்கட்டத் தொம்முனு கீழ போட்டேன். அதத்தான அந்த மனுசன் அஞ்சுனு எண்ணுச்சு. மெதுவா எறக்கியிருந்தா காதோட இருந்திருக்கும்." பிறகு பெரும்பாலான நாட்களில் அதையே சொன்னாள். உப்பு போடுகிற மாதிரி, தவறாமல் சொன்னாள்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. போய்ச் சொல்லிவிடலாம், விடு பிள்ளே என்று ஒரு வார்த்தை. ஆனால் கேட்கிறது என்று தெரிந்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள், அந்தக் குரலும் போய்விடும். இப்படியே இருந்தால் அவள் அதைச் சுமந்துகொண்டே கிடப்பாள். இரண்டு வருசம் அவன் அவள் குரலைத்தான் வைத்துக்கொண்டான். அதற்காக அவன்மேல் அவனுக்கே வெறுப்பு இருந்தது.

எழுபத்து நாலில் மதுவிலக்கு மறுபடி வந்தது. ஆகஸ்டு கடைசியோடு கடையை மூட உத்தரவு. அந்தக் கடைசி நாள் மத்தியானம் சவுரியப்பன் கம்பங்கூழைக் குடித்துவிட்டு, காது கேட்காதவர்களுக்கே உள்ள உரத்த குரலில் சொன்னான்.

"அஞ்சாவது சத்தம் நீ போட்ட வெறகுக்கட்டுனு எனக்குத் தெரியும் பிள்ளே. அந்தக் கடையில தட்டு சுத்துனா நீ பேசறது எனக்குக் கேக்குது. இப்ப ஒண்ணும் சொல்லாத. நான் போயி உக்கார்றன். அப்பறமா அடுப்புகிட்டச் சொல்லு."

அவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அன்று கடை நிறைந்திருந்தது. முதல் தட்டு சுற்றியது. அவன் காதில் கோழி கொக்கரித்தது, அவ்வளவுதான். இரண்டாவது தட்டில் கோழியும் அடங்கிவிட்டது. கோபித்துக்கொண்டு கம்பைநல்லூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டிருப்பாள் என்று நினைத்தான். பிலவேந்திரன் கடைசித் தட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் போட்டான். அதிலும் பாதி போனது. பிறகு வீட்டுக் கதவு திறக்கும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம்.

"ரெண்டரை வருசமா ஒட்டுக் கேட்டயா, திருட்டு முண்டம்."

சவுரியப்பன் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கெணத்து மேட்டுக்குப் போயிட்டு வரன். கட்டப் போட்ட எடத்துலயே நின்னு பாத்தேன். புல்லு மொளச்சுக் கெடக்குது." முள் உள்வட்டத்துக்கு வந்துவிட்டது. "ஏய்யா, தெரிஞ்சும் எதுக்குய்யா தெனமும் வூட்டுக்கு வந்தே?"

"வேற எங்க போறது," என்றான் சவுரியப்பன், கடையே அதிரும்படி. குடித்துக்கொண்டிருந்தவர்கள் பிலவேந்திரனைப் பார்த்தார்கள். அவன் கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கொள்ளு வேகுது, வந்து சேரு," என்றாள் ராஜமேரி. தட்டு நின்றது.

பிலவேந்திரன் பெட்டிகளை ஒரு நாடகக் கம்பெனிக்கு விற்றுவிட்டு ஓசூர் பக்கம் போனான். மறுநாள் பொழுதோடு சவுரியப்பன் பழக்க தோசத்தில் நடந்துபோய், பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்தான். பாறைக்கொட்டாயில் ராஜமேரியும் பழக்க தோசத்தில் பேசினாள். தட்டு இல்லாமலே கேட்டது. பக்கத்தில் இருந்தால் மட்டும் கேட்கவில்லை. அவள் காதருகில் வந்து கத்தினாலும் வெறும் சூடான மூச்சுதான் பட்டது. அதனால் முக்கியமான பேச்சு இருந்தால் அவன் கிளம்பிப் போய்விடுவான். அவள் கையை வீசி, "தள்ளிப் போய்யா, உன்னத் திட்டணும்" என்பாள். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வான். எதிரில் வருகிறவர்கள் என்ன ஏதென்று கேட்காமல் ஒதுங்கி வழி விட்டார்கள். தூரம் கூடக் கூட அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்த பிறகு, பெரிய சண்டைகளுக்குக் கிருஷ்ணகிரி வரை டிக்கெட் எடுத்தான். அந்த நாட்களில் கண்டக்டர் மாது அவனுக்கு ஜன்னலோர சீட்டை ஒழித்துக் கொடுப்பான்.