நடுவில் போன நான்கு ஓடைகள்

மூன்று நிமிடத்தைத் தாண்டும் பாட்டென்றாலே ஒலிப்பதிவாளனுக்கு வேப்பங்காய். சுரங்கக் கம்பெனி கண் வைத்த மலையில் பிறந்த பழங்குடிப் பாடகி, நாளைய ஊர்வலத்துக்காகப் பாடியதோ ஒன்பது நிமிடம். தங்கள் நிலத்தின் எல்லையிலுள்ள ஓடைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டு. அந்த நிலத்துக்கு அவள் சனத்திடம் அதைவிட்டால் வேறு பத்திரம் கிடையாது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடுவில் நான்கு ஓடைகளை வெட்டிவிட்டு, ஹெட்போனை நீட்டினான்.

கேட்டு முடித்தவளின் முகம் கறுத்தது. "நாலு ஓடையைக் காணோமே தம்பி?"

"எல்லாம் ஒரே மாதிரிதானேக்கா இருக்கு? நாலு போனா என்ன, குடியா முழுகிடும்?"

"கம்பெனிக்காரனும் இதைத்தான் சொன்னான்," என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "ஆனா அவன் எங்ககிட்ட கையெழுத்தாவது கேட்டான்."