காய்ந்த தலையில் பூசவும்

"மருந்து கடுமையா ஈக்குமா? புள்ளைக்குச் சின்ன வயசு," என்றாள் அனீஸா.

கண்டி நகரத்துப் பாமசியில் சனிக்கிழமைக் கூட்டம். திலக்ஷன் போத்தலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

"இது விஷம் இல்லக்கா. சிலிக்கோன். பேன்மேல படலமா ஒட்டிக்கும். பேன் ரத்தத்தக் குடிச்சிட்டு, அதுல உள்ள தண்ணிய மூச்சுத் துளை வழியாத்தான் வெளிய விடும். துளை அடைபட்டா தண்ணி உள்ளேயே நின்னு, குடல் வெடிச்சுச் செத்துரும்."

"முந்தி வாங்கினதுக்கு ஒண்டும் சாகல்லயே."

"அது விஷம். விஷத்துக்குப் பேன் பழகிடும். இதுக்குப் பழக முடியாது. காஞ்ச தலையில பூசுங்க. ஈரம் இருந்தா ஒட்டாது."

"ஒங்கட பேச்சக் கேட்டா பேனுக்கும் பாவம் பார்க்கத் தோணுது தம்பி." சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

மாலையில், பெட்டி நசுங்கிய ஒரு போத்தலைத் திலக்ஷன் தன் பைக்குள் வைத்தான். முதலாளி பஹீம் பார்த்துவிட்டார்.

"யாருக்கு?"

"மகளுக்கு."

முதலாளியின் கை தன் பிடரியைச் சொறிந்தது. "கொண்டு போ. பேனெண்டு கடையில யாருக்கும் செல்லாத."

முந்தின நாள்தான் மகள் பிரியாந்தினியின் டீச்சர் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார். பிரியாந்தினி வகுப்பின் கதவோரம் தனிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். "திங்கக்கிழமை தலை சுத்தமில்லாட்டி ஒட்ட வெட்டிட்டு அனுப்புங்க. தோட்டத்து லயத்துப் பிள்ளைகளால மத்தவங்களுக்கும் தொத்துது." இடுப்பைத் தொடும் முடி. கொழுந்து பறிக்கப் போகுமுன் அவள் அம்மா இருட்டோடு எழுந்து பின்னிவிடுவாள். இப்போது அவன் ஒரு ரப்பர் வளையம் போட்டு அனுப்புகிறான். பேனை அவன் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை அவன் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள், பக்கத்து அறை மங்களேஸ்வரி பிள்ளையின் தலை நிறைய எண்ணெய் வைத்திருந்தாள்.

"மருந்து போடுறேன்னு சொன்னீங்களே தம்பி. சூடு தாங்கட்டும்னுதான் வச்சேன்."

அவன் பிள்ளையின் தலையைச் சோப்பு போட்டுக் கழுவினான். மறுபடியும் கழுவினான். ஹந்தானை மலையில் அன்று மூட்டம் விலகவில்லை. முடி காயவில்லை. துவாயால் துடைத்து, விசிறியின் முன் பிள்ளையை உட்கார வைத்து, வகிடு வகிடாக விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் தாண்டித்தான் காய்ந்தது.

பூச ஆரம்பித்தான்.

"அப்பா, பேன் எப்புடிச் சாகும்?"

கடையில் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது. "தண்ணி வெளிய போகாது. உள்ளயே நிக்கும்."

"அம்மாவுக்கு மாதிரியா?"

அவன் விரல்கள் முடிக்குள் நின்றன. முதலில் அவள் அம்மாவின் பாதங்கள் வீங்கின. பிறகு கால்கள், முகம். கடைசி வாரம் செருப்பு நுழையவில்லை. இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்கு முறை வந்ததும் போனில் கோல் எடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குளிக்கும்போதும் அவன் போனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தான். இன்னும் அப்படித்தான் வைக்கிறான்.

"தலைய ஆட்டாத," என்றான்.

மறுநாள் விடிந்ததும் முடியைக் கழுவி, அவள் அம்மாவின் ஈர்கொல்லிச் சீப்பால் வாரினான். வெள்ளைத் துணியில் பேன்கள் அசையாமல் விழுந்தன. ஒன்றையும் நசுக்கவில்லை. வாரி முடித்து, தெரிந்த மட்டும் பின்னினான். பின்னல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வகுப்பு வாசலில் டீச்சர் மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். கைபடாமல், அதன் முனையால் முடியை விலக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால், பிடரியில், மறுபடியும் காதுக்குப் பின்னால்.

"ஒண்ணுமில்ல. சரி, போய் இரு."

பென்சிலைக் குப்பைக் கூடையில் போட்டார். புதுப் பென்சில், இன்னும் சீவக்கூட இல்லை.

பிரியாந்தினி கூடையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவோரத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். கதிரை இன்னும் தனியாக, இருந்த இடத்திலேயே இருந்தது.