வெல்வெட்டில் ஒரு வெற்றுக் குழி

பல் டாக்டர் தில்லைநாதன் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். தான் விற்ற சாமான் தன் கைக்கே திரும்பி வருகிறது என்பதுதான் குமரப்பனுக்கு முதலில் தோன்றியது. கொட்டாஞ்சேனையில் அவருடைய பழஞ்சாமான் கடையிலிருந்து டாக்டர் வருடக்கணக்காக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. பறங்கியர் வீட்டு ஏலங்களில் இரும்பு விலைக்கு எடுத்ததை யானைத்தந்த விலைக்கு வெள்ளவத்தையில் டாக்டர் வீட்டுக்கு ஏற்றியவர் குமரப்பன். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. சிவப்பு வெல்வெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய குழி. பல்லில் படிந்த காரை சுரண்டும் ஊசிகள், கூழைக்கடா அலகு மாதிரி ஒரு குறடு, நடுவில் தந்தப் பிடி போட்ட பல் சாவி.

"இந்தச் சாவி என்னன்னு அந்தப் பெரியவர் கேட்டா நான் என்ன சொல்றது, டாக்டரய்யா?"

"நல்ல குறடு வர முந்தின காலத்துச் சாமான். கொக்கியைப் பல்லிலை மாட்டி, பூட்டுத் திறக்கிற மாதிரித் திருப்புறது. பல்லு வரும். சில நேரம் தாடையும் உடையும்."

"விறைக்க ஊசி?"

"அப்ப ஏது ஊசி? ரெண்டு பேர் பிடிச்சுக்கொள்ளுவினம்."

பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சோதனை. யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற டாக்டரின் மகன் சுகிர்தனைக் கூட்டிப் போன பொலிஸ்காரர்கள் இன்னும் விடவில்லை. அந்தப் பொலிஸ் நிலையத்துப் பெரியவர் பழஞ்சாமான் பைத்தியம், குமரப்பனின் வாடிக்கைக்காரர். டாக்டரிடம் நல்ல பெட்டி ஒன்று இருக்கிறதாமே என்று குமரப்பனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டிருந்தார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாத கேள்வி.

டாக்டரின் மனைவி நாகேஸ்வரி வாசல் படலை வரை வந்தாள். "அண்ணை, பெட்டி போனால் போகட்டும். அவரோடை பேரம் மட்டும் பேசாதேங்கோ."

"பேச மாட்டேம்மா."

மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஓட்டோ பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது கை தானாகப் பெட்டிக்குள் போயிற்று. சேலையை முழுக்க விரித்துக் காட்டினாலும் காசு வரும்வரை முந்தானையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளும் துணி வியாபாரக் குடும்பம் அவருடையது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அந்த மனிதன் பையனை எதற்காக விட வேண்டும்? சரக்கு கைக்கு வரும்வரை ஒன்றையாவது பிடித்து வைத்திருக்க வேண்டாமா? பல் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தார்.

பொரளையில் தன் வீட்டில் பெரியவர் சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருவிகளை ஒவ்வொன்றாகத் தடவி வந்த விரல் வெற்றுக் குழியில் நின்றது.

"முதலாளி, இதில உள்ளது எங்க?"

"பையன் வெளிய வந்ததும் அதுவும் வந்துரும், சேர்."

பெரியவர் சிரித்தார். வாங்குகிறவன் சிரித்தால் பேரம் தொடங்கிவிட்டது என்பது குமரப்பனின் படிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார்.

"ஹரி ஹரி, சரி முதலாளி. நாளைக்குப் பார்ப்போம்," என்று சொல்லிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நிலையத்தில் பையன் இல்லை. விடியும் முன்பே வேறெங்கோ கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று வாசல்காரனுக்குத் தெரியவில்லை. பெரியவர் நிலையத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை; குமரப்பனுக்காவது இல்லை.

வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது குமரப்பனின் கன்னம் வீங்கியிருந்தது. இரவெல்லாம் கடைவாய்ப் பல் குத்தியது. சட்டைப் பையில் இருந்த சாவியைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கியும் ஒன்றும் தேறவில்லை. டாக்டர் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். நின்று சொல்வதைவிட உட்காருவது சுலபமாக இருந்தது.

"எத்தனை மணிக்கு விடுவினமாம், அண்ணை?" மகனின் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நாகேஸ்வரி வாசலில் நின்றாள்.

"முதல் வாயைப் பாப்பம்," என்றார் டாக்டர்.

ஊசி ஏறியது. "கொஞ்ச நேரத்திலை ஒண்டும் தெரியாது. கதைக்காதேங்கோ."

தாடை, நாக்கு, கீழுதடு எல்லாம் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. நாகேஸ்வரி கிட்ட வந்தாள். "சொல்லுங்கோ அண்ணை."

அவர் சொல்ல முயன்றார். நாக்கு வேறு யாருடையதோ போல் கிடந்தது. கடைசியில் ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"அண்ணை, உங்கட சொண்டு..."

வெள்ளைச் சட்டையில் சிவப்பாகச் சொட்டிய பிறகுதான், தன் உதட்டைத் தானே கடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. டாக்டர் பஞ்சை எடுத்து அவர் வாயில் அழுத்திப் பிடித்தார். பஞ்சு நனைந்து விரல் சிவந்த பிறகும், அந்த வாய் திறந்துவிடக் கூடாது என்பதுபோல், கையை எடுக்கவில்லை.