ஒன்பதாவது ஆள்

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்புறச் சந்தில் ரூபஸ் ஒரு பிரஸ் ஷாப் நடத்தி வந்தான். தகடு வைத்து மிதித்தால் வாஷராக வெட்டிப் போடும் நான்கு மெஷின்கள். வேலை செய்தவர்கள் பத்துப் பேர், பதிவேட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். பத்தாவது பேரை எழுதினால் இ.எஸ்.ஐ. காப்பீட்டுச் சந்தா வந்து உட்கார்ந்துவிடும், கூடவே இன்ஸ்பெக்டரும் வருவார் என்று அங்கே எல்லா முதலாளிகளுக்கும் பயம். அதனால் சந்து முழுக்க, எந்த ஷாப்பில் கேட்டாலும், ஒன்பது பேர்தான்.

ரூபஸிடம் அந்தப் பத்தாவது ஆள் பொன்னியம்மா. அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள், லீவு போட மாட்டாள்.

"என் பேர எப்ப சார் எழுதுவீங்க?" என்று சம்பள நாளில் மட்டும் கேட்பாள்.

"யாராச்சும் நின்னா அடுத்தது நீங்கதான்க்கா."

ஜனவரியில், பதிவேட்டில் இருந்த சுசீலா நின்றுவிட்டாள். பூந்தமல்லிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் பேரை அடித்துவிட்டுப் பொன்னியம்மாவின் பேரை எழுத ரூபஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்பது அவன் சொல்லிக்கொண்டது. ஒரு பேர் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சோம்பல், வேறொன்றுமில்லை.

ஷாப்புக்கு ஒரு இன்சூரன்ஸ் இருந்தது. வேலையில் ஆளுக்கு அடிபட்டால் முதலாளி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும் பாலிசி. சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி ஆடிட்டுக்கு வரும்போது காட்டுவதற்காக எடுத்தது. புது வருஷ ஆராதனையில் கிடைத்த, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைக்குப் பின்னால், ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் தொங்கியது. பதினோரு பக்க இங்கிலீஷ். ரூபஸ் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. பதிவேட்டில் இருக்கிற ஒன்பது பேருக்குத்தான் அது என்று அவனாகவே முடிவு செய்திருந்தான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது மெஷின் பொன்னியம்மாவின் இடது கையில் இறங்கியது.

ஆட்டோவில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கவுன்ட்டரில் இருந்த பெண் பேரைக் கேட்டாள். பொன்னியம்மா வாயைத் திறந்தாள். அவள் பேர் எதிலும் இல்லையே, ஒரு பைசா வராதே என்று ரூபஸ் முந்திக்கொண்டான். அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

"சுசீலா," என்றான். ஃபைலில் கிடந்த சுசீலாவின் ஆதார் நகலையும் நீட்டினான். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டான்.

நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். வார்டில் சுசீலா என்று கூப்பிட்டால் பொன்னியம்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள். இன்சூரன்ஸுக்கும் அந்தப் பேரிலேயே விண்ணப்பம் போனது. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக் குறிப்பு எழுதும்போதும், யார் கண்ணிலாவது பட்டுவிடுமே என்று சுசீலா என்றே எழுதினான். பாஸ்டர் உருகி உருகி ஜெபித்தார். ஆண்டவரிடமாவது சரியான பேரைச் சொல்லியிருக்கலாம்.

ஆறு வாரம் கழித்து இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. மைதிலி என்ற அதிகாரி அவன் முன்னால் இரண்டு காகிதங்களை வைத்தாள்.

"அடிபட்ட அன்னிக்கு இந்த சுசீலா ஷூ கம்பெனில ஷிப்ட் பாத்துருக்காங்க. எங்க ஆளு நேர்ல பாத்துட்டு வந்தாரு. பத்து விரலும் நல்லா இருக்கு."

ரூபஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பத்தாவது ஆள், பதிவேடு, நின்றுபோனவள், எல்லாம். மைதிலி கேட்டு முடித்துவிட்டு பாலிசியின் நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுல எங்க சார் பேரு இருக்கு?"

பேரே இல்லை. பிரஸ் ஆப்பரேட்டர், ஒன்பது நபர்கள், மொத்தச் சம்பளம் இவ்வளவு. அவ்வளவுதான்.

"ஆள் எண்ணிக்கைதான் கணக்கு. அடிபட்ட அன்னிக்கு எத்தன பேர் வேல செஞ்சாங்க?"

மனசுக்குள் எண்ணினான். சுசீலா போன பிறகு வேறு யாரையும் சேர்க்கவில்லை. "ஒம்போது."

"அப்ப அந்தம்மாவும் இதுல இருந்தாங்க. உண்மைப் பேர சொல்லிருந்தா கெடச்சிருக்கும். பொய் ஆளக் காட்டி கேட்டதால இனிமே முடியாது. போலீஸுக்குப் போகலாமான்னு மேல யோசிக்கிறாங்க. ஆனா அந்தம்மாவுக்கு நீங்க குடுத்தே ஆகணும் சார், சட்டம் உங்களத்தான் கேக்கும்."

நான்கு மெஷினும் வங்கிக்கடனில் இருந்தன. கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. படியில் இறங்கும்போது, அந்த ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் ஊமையாக நின்றிருக்கக் கூடாதா என்று தன்னையே சபித்துக்கொண்டான்.

நேராகப் பொன்னியம்மா வீட்டுக்குப் போனான். அவள் ஒரு கையால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான். கேஸ் தள்ளுபடி, பணம் வராது, ஆஸ்பத்திரிச் சீட்டு முழுக்க வேறு பேர், யாரிடம் போனாலும் அடிபட்டது அவள்தான் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். நான்காம் பக்கத்தையும் மறைக்காமல் சொன்னான்.

அவள் திட்டவில்லை. குழாயை மூடினாள்.

"அப்போ நானும் அந்த ஒம்போதுல ஒருத்தியா இர்ந்தேனா சார்?"

"இருந்தீங்கக்கா."

அவள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு கேட்டப்போ எம் பேரு என் நாக்கு வரிக்கும் வந்துச்சு சார். நீங்க கண்ண காட்டுனீங்கோ. படிச்சவரு, நல்லதுக்குத்தான் சொல்வாருன்னு முழுங்கிகினேன்."