இறங்காமல் போன வெள்ளிக்கிழமை விமானம்

1

முள்ளியவளையில் விமானநிலையம் இருந்ததில்லை. அதை நான்தான் கட்டினேன். வவுனியாவில் ஒருநாள், என் ஒருவனுக்காக ஓட்ட முடியாதென்று கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நடந்து போகையில் யோசித்தது இந்தக் கதை.

காலம், ஐம்பதுகளின் கடைசி. ஒரு கிறவல் மண் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, பொறுப்பாளராக யோகலிங்கம். பயணச்சீட்டில் பாதியை அரசாங்கம் கட்டியும் கொழும்புக்குப் பறக்க ஆளில்லை. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சின்ன விமானம், ஆள் இருப்பதாக முதல்நாள் தந்தி போனால் மட்டுமே இறங்கும். இல்லாவிட்டால் தாழப் பறந்து போய்விடும்.

2

யோகலிங்கம் ஒரு நல்ல

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

விமானம் இறங்காவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். ஆகவே அவர் இல்லாத ஆட்களுக்கு இடம் கேட்டுத் தந்தியடித்தார். வீரகத்தி, ஒருவர். தில்லைநாதன், ஒருவர். விமானம் இறங்கும். "ஆள் வரேல்லை, சேர்" என்பார். விமானி தோளைக் குலுக்கிவிட்டு ஏறிப்போவார்.

(பெயர் புனைவதில் அவரும் நானும் ஒன்றுதான். எனக்கு யாரும் கடிதம் போடுவதில்லை, அவ்வளவே.)

அவருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு பொய்ப்பெயர் அனுப்பினால் வேலை போகும். அடுத்த வியாழக்கிழமை அவர் முதல்முறையாக உண்மையை அனுப்பினார்: ஆளில்லை.

3

வெள்ளி காலை, கடற்றொழில் செய்யும் யாக்கோப்பு தன் மனைவி அருளம்மாவை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார். இரண்டு நாளாகப் பிரசவ வலி. மழைவெள்ளத்தில் பாலம் உடைந்து, வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பாதையில்லை. இரவே தந்திக்கம்பியும் அறுந்திருந்தது.

"பிளேன் எப்ப வரும், ஐயா?"

"பத்து மணிக்கு."

"இறங்குமோ?"

"இறங்கும்" என்றார் யோகலிங்கம். "அவாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கோ."

விமானம் நேரத்துக்கு வந்தது. யோகலிங்கம் சால்வையை வீசிக்கொண்டு ஓடுபாதை நெடுக ஓடினார். விமானம் வரும்போதும் போகும்போதும் சால்வையை வீசுவது அவர் வழக்கம். விமானியும் வழக்கம்போல் ஒரு பக்க இறக்கையைச் சாய்த்துக் காட்டிவிட்டுத் தெற்கே போனார்.

[ஒரு பிரதியில் அது திரும்பி வந்து இறங்கியது. வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன்.]

பின்னேரம் அருளம்மா வண்டியிலேயே இறந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. இதை மாற்றி எழுதச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள்.

4

எட்டாம் நாள் யாக்கோப்பு தனியே வந்தார். யோகலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டார். யாக்கோப்பு அதில் உட்காரவில்லை.

"கோவத்தில வரேல்லை, ஐயா. ஒண்டு கேக்க வந்தனான். மேல இருந்தவர் எங்களைக் கண்டவரோ?"

"ஓம். கண்டவர்."

"அப்ப ஏன் இறங்கேல்லை?"

இதற்கு யோகலிங்கம் சொன்ன பதிலை மூன்று தரம் எழுதினேன். ஒன்றில் தந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறார். அதன்பிறகு யாக்கோப்பின் முகத்தை எனக்கு எழுத வரவில்லை. இன்னொன்றில் விமானிமேல் பழி போடுகிறார். யாக்கோப்பு அதை நம்பி, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவதில் யோகலிங்கம் வாயைத் திறக்கிறார், பிறகு

என்னிடம் நாலாவது இல்லை. அந்த மனிதருக்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.