சின்னன் நேர்ந்துகொண்ட மௌனம்

ஊரில் வாய் ஓயாத மனிதர் யார் என்று கேட்டால் சின்னனைத்தான் கை காட்டுவார்கள். சர்க்கரை ஆலையில் கொதிகலனுக்குக் கரும்புச் சக்கை தள்ளியே வயசானவர். அந்த இரைச்சலை மீறிப் பேசிப் பேசித்தான் இவருக்கு இப்படி ஒரு தொண்டை வந்தது என்று கேலி செய்வார்கள். கடைக்கு உப்பு வாங்கப் போனால் உப்பு வீடு வந்து சேர அரை நாள் ஆகும். வழியில் போகிறவரை நிறுத்தி அவர் வீட்டு மாட்டின் உடம்புவரை விசாரிப்பார். அப்பேர்ப்பட்டவர் தைப்பூசக் கொடி ஏறிய அன்று வாயை மூடிக்கொண்டார்.

சும்மா மூடவில்லை. மகள் பார்வதிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த கையோடு தவறிப்போயிருந்தன. இப்போது மூன்றாவது, ஏழு மாதம். இதாவது தங்க வேண்டும் என்று முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டார். காவடி எடுக்கிறவர்கள் எல்லோரும் விரதம் இருப்பார்கள், காவடியன்று அலகு குத்தி வாயைக் கட்டிக்கொள்வார்கள். நம் ஆளுக்கு அது போதவில்லை. தனக்கு எது உயிரோ அதைக் கொடுத்தால்தான் சாமி திரும்பிப் பார்க்கும் என்று தானாகவே முடிவு கட்டினார். கொடி ஏறியதிலிருந்து காவடி இறக்கும்வரை ஒரு சொல் பேசுவதில்லை. பேசினால் விரதம் முறிந்துபோகும். முறிந்தால் பிள்ளை... அதற்கு மேல் அவர் மனசுக்குள்கூட நினைத்ததில்லை.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? காவடியன்னிக்கு வாய் கட்டினா போதும்" என்றார் கோவில் பூசாரி. கேட்கிற ஆளா இவர்? வீம்பு என்றால் வீம்பு. முதல் நாள் முழுக்க ஊரே அவர் பின்னால் போய் வேடிக்கை பார்த்தது. பிறகு பழகிவிட்டது.

ஒன்பது நாள் ஓடிவிட்டது. மறுநாள் காவடி. கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வாங்க பக்கத்து டவுனான சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தைக்குத் தனியாகப் புறப்பட்டார். கடையில் பேசவா வேண்டும், விரலை நீட்டினால் போதாதா என்று நினைத்தார். தை மாதம் அந்தத் தீவில் கொளுத்துகிற கோடை, வயிற்றில் ஒரு வேளைச் சோறு. வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குத் திரும்பியதும் கண்ணைக் கட்டியது. எலுமிச்சம்பழங்கள் தார் ரோட்டில் உருண்டது வரைக்கும்தான் அவருக்கு நினைவு.

கண் திறந்தபோது ஆஸ்பத்திரியில், அவசரத்துக்கு வருகிறவர்களைப் போடுகிற கூடத்தில், ஒரு மரப் பெஞ்சில் கிடந்தார். யாரோ லாரிக்காரர் தூக்கி வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். சுற்றிலும் பேதி கண்ட குழந்தைகள், அழுகிற தாய்மார்கள், பினாயில் வாடை. வலது கை மரத்துப்போய்க் கனத்தது. அதன்மேல் விழுந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

ரோஸ்-மே என்ற நர்ஸ் குனிந்து பார்த்தார். நல்ல பருமன், சிரித்த முகம்.

"தொந்தோன், முழிச்சிட்டீங்களா? பேரு என்ன?"

தீவில் பெரியவர்களை மாமா என்று கூப்பிடுகிற மாதிரிதான் அந்தத் தொந்தோன். சின்னன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். இடது கையால் வலது மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைத் தொட்டுக் காட்டினார்.

"கரெமா?" என்றார் ரோஸ்-மே. விரதத்துக்கு அங்கே எல்லோரும் சொல்லும் சொல் அது.

அவர் பலமாகத் தலையாட்டினார். அம்மணி புரிந்துகொண்டாள் என்று மனசு குளிர்ந்தது.

ஆனால் புரிந்தது பாதிதான். விரதம் தெரிந்த ரோஸ்-மேக்கு மௌனம் தெரியாது. எப்படித் தெரியும்? காவடி எடுக்கிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட இவரைப் போலப் பத்து நாள் வாயைக் கட்டுவதில்லையே. ரோஸ்-மே சூப்புக் கொண்டுவந்தார். அதில் எலும்பு கிடந்தது. சின்னன் பதறிப்போய்த் தட்டிவிட்டார், சூப்பு நர்ஸின் வெள்ளை உடுப்பில் கொட்டியது. அங்கேதான் காரியம் கெட்டது.

டாக்டர் லிண்ட்சே வந்தார். படிப்பு முடித்துக் கப்பலிலிருந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்து நின்ற கால், சாப்பிடாத வாய், கூடம் நிறைய நோயாளிகள். அப்படிப்பட்டவரிடம் பதில் சொல்லாத கிழவர் ஒருவர் மாட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

"உங்க பேரு?"

உதட்டில் விரல்.

"எந்த ஊரு? வீட்ல யாரு இருக்காங்க?"

சின்னன் இடது கையைத் தன் வயிற்றின்மேல் வளைத்துப் பிள்ளைத்தாய்ச்சி மகளைக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார். கையைக் குவித்துக் கும்பிட முயன்றார். வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் அந்தக் கையைப் பார்த்திருக்கலாம். அவர் பார்த்ததெல்லாம் வயிற்றைத் தடவி ஆகாயத்தோடு பேசுகிற ஒரு கிழவரைத்தான்.

"விரதம் இருக்கார் டாக்டர்" என்றார் ரோஸ்-மே.

"விரதம் இருந்தா பேரு மறந்துபோகுமா சிஸ்டர்? காது கேக்குது, சொல்றது புரியுது. ஆனா பேச மாட்டேங்கிறார், சாப்பாட்டைத் தட்டி விடறார். வயசு எழுபது இருக்கும். எழுதத் தெரியுமான்னு கேளுங்க."

பென்சிலை நீட்டினார்கள். கைநாட்டுக்காரர் பென்சிலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கூச்சத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"வயசான மூளை. நமக்கு இங்கே இடமில்லை. லாசிலுக்கு எழுதிடறேன், அவங்க பார்த்துக்கட்டும்" என்று டாக்டர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

லாசில். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஊரில் அதுதான் பெயர். சொன்னபடி கேட்காத பிள்ளைகளை அந்தப் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். பக்கத்து வீட்டு ஐயாசாமியையும் இப்படித்தான் கொண்டுபோனார்கள். காய்ச்சலில் ஏதோ பிதற்றினார் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கிருந்து அப்படியே லாசில். பெண்சாதி கண்ணம்மா ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது மொட்டையடித்து, சாக்குத் துணி மாதிரி ஒரு சட்டை மாட்டி, சுவரோரமாக உட்கார வைத்திருந்தார்களாம். "நீ யாரும்மா?" என்று கேட்டாராம். அடுத்த மாதம் பெட்டியில்தான் வந்தார். அந்தப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் சின்னனும் ஒருவர்.

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். கால் தரையில் சரியாகப் பாவவில்லை. வாசலில் காவலாள் வேறு. ஓடுகிற கிழவரைப் பிடித்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள்.

பயம் வந்தால் சின்னனுக்குப் பேசிப் பேசித்தான் ஆற்றிக்கொள்ளத் தெரியும். இப்போது அதற்கும் வழியில்லை. உள்ளே பயம் பொங்கிப் பொங்கி வந்தது, வெளியே போக இடமில்லாமல் நெஞ்சில் முட்டியது. முருகா, முருகா என்று மனசுக்குள் கத்தினார். ஒரே ஒரு சொல். "சின்னன்" என்று சொன்னால் போதும். ஊர்ப் பெயரைச் சொன்னால் வீட்டுக்கு ஆள் போகும், பார்வதி ஓடி வருவாள். சொல்லிவிடலாமே என்று தோன்றும். உடனே துணியில் சுற்றிய இரண்டு சின்னப் பொட்டலங்கள் கண்முன் வரும். இரண்டையும் அவர்தான் குழியில் இறக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்த நேரத்தில் காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் பட்டை வார். அதைப் பார்த்ததும் சின்னன் பெஞ்சின் மூலைக்கு ஒதுங்கினார்.

ரோஸ்-மே ஓடி வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டார். சூப்புக் கறை படிந்த உடுப்பை இன்னும் மாற்றியிருக்கவில்லை. "தொந்தோன், உங்களைப் பார்த்தா எனக்குப் பைத்தியமாத் தெரியல. ஒரு வார்த்தை பேசுங்க. பேரை மட்டும் சொல்லுங்க, நான் டாக்டர்கிட்ட சண்டை போடறேன். வண்டியில ஏத்திட்டா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. லாசிலுக்குப் போய்விட்டால் நாளைக்குக் காவடி ஏது? பேசாமல் இருந்தாலும் நேர்த்தி முறியத்தான் போகிறது. பேசினால் மௌனம் மட்டும்தான் போகும், காவடியாவது மிஞ்சும். பாலை ஊற்றும்போது காலில் விழுந்து அழுதுகொள்ளலாம். முருகா, என்னை மன்னிச்சிடு, பிள்ளை மேல காட்டாதே, என்னை என்ன வேணும்னாலும் செய். கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த வாயைத் திறந்தார்.

"சின்னன்" என்றார்.

என்றார் என்று அவர் நினைத்தார். காதில் விழுந்தது வேறு ஒன்று. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முக்கல், மாடு வலியில் முனகுகிற மாதிரி. பேசாமல் இருந்து தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் முயன்றார். பெயர் மனசில் பளிச்சென்று இருந்தது. நாக்கு யாரோ வேறு ஒருவருடையதாக இருந்தது. மூன்றாம் தரம் இன்னும் பலமாக முக்கினார். அந்தச் சத்தத்தில் பக்கத்துப் பெஞ்சுக் குழந்தை வீறிட்டு அழுதது. ரோஸ்-மே ஓரடி பின்வாங்கினார். காக்கிச் சட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இது இப்போது வந்ததா? ரோட்டில் விழுந்தபோதே வந்துவிட்டதா? காலையிலிருந்து எந்த மௌனத்தைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தோம்? சின்னனுக்கு லாசில் மறந்துபோனது, வார் மறந்துபோனது. அதைவிடப் பெரிய பயம் வந்து மேலே உட்கார்ந்துகொண்டது.

"அப்பா!"

வாசலில் பார்வதி. லாரிக்காரர் பஸ் நிலையத்தில் சொன்ன சேதி எப்படியோ ஊருக்கு எட்டி, பக்கத்து வீட்டு க்ளோட் ஓட்டிய காரில் வந்திருந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். காக்கிச் சட்டைக்காரரைத் தள்ளிவிட்டாள்.

"என் அப்பாவை எங்க கூட்டிட்டுப் போறீங்க? பைத்தியமா? யாரு பைத்தியம்? அவர் எனக்காக மௌன விரதம் இருக்கார்! நாளைக்குக் காவடி. அதுவரைக்கும் பேச மாட்டார். ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க!"

டாக்டர் வந்தார், கேட்டார், முகம் சிவந்துபோனார். எழுதிய காகிதத்தை நாலாகக் கிழித்தார். "மன்னிக்கணும் மதாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? விரதம் முடிஞ்சதும் நல்லா சாப்பிட வைங்க" என்றார். நிம்மதியில் சிரித்தும் விட்டார். ரோஸ்-மே மட்டும் தயங்கினார்.

"இப்ப ஏதோ சத்தம் போட்டாரே டாக்டர். பேச முயற்சி பண்ணின மாதிரி இருந்தது."

"ஐயோ, பயத்துல பேசப் பார்த்திருப்பார்" என்று பார்வதி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. "வார்த்தை ஏதாவது வந்ததா?"

"வார்த்தை இல்ல. வெறும் சத்தம்தான்."

"அப்பாடா. முருகன் காப்பாத்தினார்."

டாக்டரும் ஒத்துக்கொண்டார், நர்ஸும் ஒத்துக்கொண்டார். சின்னன் இடது கையால் டாக்டரின் சட்டையைப் பற்றி இழுத்தார். தன் வாயைக் காட்டினார், தலையை இடமும் வலமும் ஆட்டினார். டாக்டர் அவர் கையை மெல்ல விலக்கித் தட்டிக் கொடுத்தார். "புரியுது, புரியுது. இனிமே யாரும் உங்களைப் பேசச் சொல்ல மாட்டாங்க."

கார் கரும்புக் காட்டுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. முன்னால் க்ளோட், பின்னால் அப்பாவும் மகளும். பயம் தெளிந்த பார்வதி விடாமல் பேசினாள். பேச்சில் அப்பாவுக்குத் தப்பாத மகள் அவள். கோவிலில் பந்தல் போட்டாயிற்று, பால் செம்பு துலக்கியாயிற்று, பூ வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நாளைக்குக் காவடி இறக்கினதும் மொதல்ல பிள்ளைக்கு ஒரு பேரு சொல்லணும், சரியா? உங்க வாயில இருந்து வர்ற மொதல் வார்த்தை அதுவாத்தான் இருக்கணும். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

பத்து நாளைக்குத்தானே கொடுத்தேன் முருகா. மொத்தமா எடுத்துக்கிட்டியா?

அவர் மகளின் கையை இறுக்கிப் பிடித்தார். ம்ம், ம்ம் என்று முக்கினார். கண்ணில் நீர் கொட்டியது. வாயைக் காட்டினார், தொண்டையைக் காட்டினார், இல்லை இல்லை என்று கையை விரித்தார்.

"தெரியும்ப்பா, தெரியும். நீங்க பேச வேண்டாம்" என்றாள் பார்வதி. "பேசினா எல்லாம் போயிடும். இன்னும் ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்குங்க." சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து, அவர் வாயின் வலது ஓரத்தில் வழிந்துகொண்டிருந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள்.